சம்பந்தப்பட்ட நபர்

"உனக்கும் மீன் கடை நோரினுக்கும் ஏதாவது உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுய்யா" என்றார் சேர்மன் ஸ்டேவ்லி.

ஒரே வார்த்தையில் எதையும் சொல்லிப் பழக்கமில்லாதவர் நெவில் ஹார்கிரீவ்ஸ். ஹெப்லி டவுன் கால்பந்துக் கிளப்பின் செயலாளர். வயது அறுபதைத் தொடுகிறது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், இந்த சீசன் முடியட்டும் என்பார். "அதாவது சார்..." என்று ஆரம்பித்தவர், மேஜை மேலிருந்த தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். அது சேர்மனுடைய தேநீர்.

"என் டீயைக் கீழ வைய்யா! லீக்ல இருந்து வந்ததைப் படிச்சியா?"

படித்திருந்தார். கிளப்போடு சம்பந்தப்பட்ட ஆள் யாராவது அந்தக் கிளப்புக்கே விளம்பரதாரராக இருந்தால், அதை லீக்கிடம் அறிவித்துவிட வேண்டும் என்பது விதி. பெரிய கிளப் முதலாளிகள் மச்சான் கம்பெனி, சித்தப்பா கம்பெனி என்று பெயர் வைத்துக்கொண்டு, சட்டை விளம்பரம் என்ற சாக்கில் பணத்தை மூட்டை மூட்டையாக உள்ளே தள்ளிவிடக் கூடாதாம். மூட்டையைக் கண்ணால் கூடப் பார்த்திராத ஹெப்லி டவுனுக்கும் அதே விதிதான்.

ஹெப்லி ஆட்டக்காரர்களின் நெஞ்சில் மூன்று வருஷமாக இருப்பது 'நோரின் மீன் வறுவல்' என்ற எழுத்தும், அதன் கீழே கண்ணடிக்கும் ஒரு மீனும். கிளப் செயலாளரும் அந்த மீன் கடைக்காரியும் ஜோடி, கிளப் அதை மறைத்துவிட்டது என்று யாரோ லீக்குக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். போட்டவர் பெயர் வெளியில் வராது.

மறைத்தது நிரூபணமானால் ஆறு புள்ளி வெட்டு. ஹெப்லி அட்டவணையில் தரையைத் தடவிக்கொண்டிருந்த நேரம் அது. ஆறு போனால் அடுத்த சீசன் கீழ் டிவிஷன். கீழே போனால் சம்பளம் கொடுக்க முடியாது, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

"கோர்ஸ்லிக்காரனுங்க வேலை இது" என்றார் சேர்மன். கோர்ஸ்லி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிளப். ஹெப்லியில் மழை பெய்தாலும் கோர்ஸ்லிக்காரன் வேலைதான். "நீ ஒண்ணு பண்ணு. எங்களுக்குள்ள வியாபாரத்தைத் தவிர ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. முடிஞ்சது விஷயம்."

"அதுல பொய் ஒண்ணும் இல்ல சார். நாங்க... அதிகாரபூர்வமா எதுவும் பேசிக்கிட்டது இல்ல."

பதினோரு வருஷமாகத் தினமும் சாயங்காலம் நோரினின் கடைக்குப் பின்னால் இருக்கும் சமையல்கட்டில்தான் நெவில் சாப்பிடுகிறார். அவருடைய செருப்பு அவள் அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கடையின் முன்வாசல் சந்தைத் தெருவில், ஊரே பார்க்கிற இடத்தில் இருப்பதால், இவர் பின்சந்து வழியாகத்தான் போவார். ஊர் என்ன சொல்லும் என்ற பயம். ஊர் சொல்ல வேண்டியதையெல்லாம் முதல் வருஷத்திலேயே சொல்லி முடித்து, அலுத்துப்போய் வேறு பேச்சுக்குப் போய்விட்டது. அது இவருக்கு மட்டும் தெரியாது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இத்தனை வருஷம் கழித்து எப்படி ஆரம்பிப்பது என்ற கூச்சத்திலேயே இவருக்குத் தலை நரைத்துவிட்டது.

கையெழுத்துப் போட்ட தாளின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் பின்கதவைத் தட்டினார்.

நோரின் மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். கூடவே ஒரு மெட்டு முணுமுணுப்பு. எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று பிடிபடாத மெட்டு. போய்க்கொண்டே இருக்கும், நடுவில் பட்டென்று அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து வரும். கிளப்பின் சட்டைகளைத் துவைத்து அடுக்குகிற வில்ஃப், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று புலம்பிக்கொண்டிருந்தான். "அக்கா, அந்தப் பாட்டை விடுக்கா. எனக்குத் தூக்கத்துல எல்லாம் கேக்குது."

"காது கேக்குதேன்னு சந்தோஷப்படு. இந்தா, உன் சிப்ஸ். கிளம்பு."

வில்ஃப் போனதும் நெவில் தாளை நீட்டினார். நோரின் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். முணுமுணுப்பு நின்றது.

"'வியாபாரத் தொடர்பைத் தவிர வேறு எந்தத் தொடர்பும் கிடையாது.' நீயே எழுதினதா?"

"சேர்மன் சொன்னாரு. கிளப்புக்காக நோரின். ஆறு புள்ளி."

"நல்ல கையெழுத்து உனக்கு. கிறிஸ்துமஸ் வாழ்த்துலயும் இதே மாதிரிதான் போட்டிருந்தே. 'தங்கள் உண்மையுள்ள, செயலாளர், ஹெப்லி டவுன்.'"

அன்று நெவிலின் தட்டில் மீன் இருந்தது, வினிகர் தெளித்த சிப்ஸ் இருந்தது, எப்போதும் கூட வரும் மசித்த பட்டாணி இல்லை. "தீந்துபோச்சு" என்றாள். அடுப்பின் மேல் ஒரு சட்டி நிறையப் பட்டாணி கொதித்துக்கொண்டிருந்தது. நெவில் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

லீக்கிலிருந்து விசாரணைக்கு வந்தவர் மிஸ் டான்குவா என்ற வக்கீல். லண்டன்காரர், சின்ன வயது. குடையை உதறி மூலையில் வைத்துவிட்டு மூக்கைச் சுருக்கினார்.

"இங்க வினிகர் வாசனை அடிக்குதே?"

"அது என் கோட்டு மேடம்" என்றார் நெவில். சேர்மன் கண்ணை மூடிக்கொண்டார்.

"மிஸ்டர் ஹார்கிரீவ்ஸ், ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒரு விஷயம். நீங்களாவே இப்ப அறிவிச்சீங்கன்னா..."

"அறிவிக்க ஒண்ணுமே இல்ல மேடம்! எழுதியே குடுத்துட்டேனே!"

"சரி. தினமும் சாயங்காலம் கடையோட பின்சந்து வழியா உள்ள போறீங்கன்னு தெருவுல சொல்றாங்களே?"

"பரிசோதனை மேடம்."

"என்ன பரிசோதனை?"

"எங்க சட்டையில பேரு போட்டிருக்கிற மீன். அது தரம் கெட்டுப்போனா கிளப்புக்குத்தானே கெட்ட பேரு? செயலாளர்ங்கற முறையில நான் தின்னு பாக்கறேன்."

"தினமுமா?"

"தினமும்."

"ஞாயித்துக்கிழமை கடை லீவாச்சே?"

நெவில் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அதனால் உபகாரம் ஒன்றும் இல்லை. "லீவு நாள்லதான் மேடம் அசட்டையா இருந்துடுவாங்க."

மிஸ் டான்குவா எழுதிக்கொண்டார். "அப்ப விளம்பரதாரர் உங்களுக்குத் தினம் இலவசமாச் சாப்பாடு போடறாங்க. எத்தனை வருஷமா?"

"பதினோரு..." என்றுவிட்டு நெவில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"விளம்பரம் வந்து மூணு வருஷம்தானே ஆச்சு? அப்ப சட்டையில பேரு வாங்கறதுக்காக எட்டு வருஷம் முன்கூட்டியே உங்களை ஊட்டி வளத்திருக்காங்க."

"ஐயையோ, சும்மா திங்கல மேடம்! கூரை ஓட்டையை அடைச்சேன். மாடிச் சுவருக்குக் காகிதம் ஒட்டினேன். அவ அம்மா இடுப்பு எலும்பு முறிஞ்சு கிடந்தப்ப, நான்தான் நாள் தவறாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"எந்தக் கார்ல?"

நெவில் குரலை இறக்கினார். "கிளப் கார்ல."

விசாரணையின் அடுத்த கட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானம், இரண்டு தரப்பும் நேரில் வரவேண்டும் என்று சொல்லிவிட்டு மிஸ் டான்குவா ஹோட்டலுக்குப் போனார். சேர்மன் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"ஒரு குத்தத்தோட வந்தா. மூணு குத்தத்தோட போறா. நீ வாயைத் திறந்ததே தப்புய்யா!"

"இப்ப என்ன சார் பண்றது?"

"ஒரே வழிதான். உங்க ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாதுன்னு காட்டணும். அந்த வக்கீலம்மா முன்னால சண்டை போடுங்க. நல்லா, நாலு பேர் காதைப் பொத்தற மாதிரி."

நெவில் பின்கதவில் நின்று விஷயத்தைச் சொன்னபோது, நோரின் எண்ணெயில் மீனைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் உன்கூட சண்டை போடணுமா?"

"நடிப்புத்தான் நோரின்."

"எனக்கு நடிக்க வராதே."

"எதையாவது சொல்லித் திட்டேன். மனசுக்கு வந்ததை."

"மனசுக்கு வந்ததையா?" மீனைத் திருப்பிப் போட்டாள். "எவ்வளவு நேரம் திட்டலாம்?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளப்பின் மது அறையில் விசாரணை. சுவரில் எந்தக் காலத்திலோ கோப்பை வென்ற அணியின் படம். அதன் கீழே மிஸ் டான்குவா உட்கார்ந்து ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டார். சேர்மன் மூலையில் நின்று நெவிலுக்குக் கண் ஜாடை காட்டினார். வில்ஃப் கண்ணாடி டம்ளர் துடைக்கிற சாக்கில் வந்து நின்றுகொண்டான்.

நெவில் தொண்டையைக் கனைத்தார். ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தார். "இந்தம்மா போடற மீனு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது மேடம். மாவு தடிமன் ஜாஸ்தி."

"தடிமனா?" என்றாள் நோரின். "மொறுமொறுன்னு தடிமனாப் போடு, பல்லுக்குச் சுகமா இருக்குன்னு கேட்டு வாங்கித் தின்னது யாரு?"

"நான் ஒண்ணும் கேக்கல!"

"கேக்கலியா? தின்னுட்டு அந்த நாற்காலியிலயே வாயைப் பொளந்து தூங்கறது? டிவியில உன் ஆட்டத்தோட முடிவையே நான்தான் எழுப்பிச் சொல்றேன். ஈரக் கோட்டைக் கழட்டி என் ரொட்டிக் கூடை மேல போடறது? எத்தனை தடவை சொல்லியாச்சு?"

"உன் வீட்டு ஆணி ஸ்ட்ராங்கா இல்ல!"

"அந்த ஆணியை அடிச்சதே நீதானே!"

"நீ காட்டின இடத்துலதானே அடிச்சேன்! நான் அப்பவே சொன்னேன், அது வெறும் காரைச் சுவரு, தாங்காதுன்னு. என்னைக்காவது என் பேச்சைக் கேட்டிருக்கியா?"

மிஸ் டான்குவா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். சேர்மன் காட்டிய ஜாடைகள் இப்போது வேறு விதமாக இருந்தன. போதும், நிறுத்து என்று இரண்டு கையையும் ஆட்டினார். யார் பார்த்தார்கள்?

"ஸ்வெட்டர் பின்னிக் குடுன்னு நான் கேட்டேனா?" என்றார் நெவில். அதையேதான் அப்போது போட்டிருந்தார்.

"நீ எதைத்தான் கேட்டே?" என்றாள் நோரின். குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "பதினோரு வருஷத்துல நீ என்கிட்ட வாயைத் திறந்து என்னதான் கேட்டிருக்கே? ஊருல இருக்கறவன் எல்லாம் என் கடைக்கு முன்வாசல் வழியா வர்றான். குடிகாரன் வர்றான், கடன் சொல்றவன் வர்றான், கோர்ஸ்லிக்காரன்கூட வர்றான். நீ ஒருத்தன்தான் பின்சந்துல, குப்பைத் தொட்டிக்கு நடுவுல பூனை மாதிரி வர்றே. நான் என்ன, திருட்டுச் சரக்கா?"

வில்ஃப் துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தான்.

நெவிலுக்கு ஒத்திகை பார்த்த வரிகள் மிச்சம் இருந்தன. அவற்றை விட்டுவிட்டார். அவள் கண் கலங்கி இதற்கு முன் அவர் பார்த்தது அவளுடைய அம்மா இறந்தபோது ஒரு தடவை. அன்றைக்கும் பக்கத்தில் உட்காராமல், ஊர் பார்க்கிறதே என்று சர்ச்சில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தார். அது இத்தனை காலம் கழித்து இப்போது சுருக்கென்று குத்தியது. வெட்கமாக இருந்தது. தன்னை நினைத்து வந்த வெட்கம்.

"மேடம்" என்றார். "எழுதிக்குங்க. நான் குடுத்த தாளு பொய். இந்தம்மா... நோரின், எனக்குச் சம்பந்தப்பட்ட ஆள்தான்."

"யோவ், ஆறு புள்ளிய்யா!" என்று சேர்மன் அலறினார்.

"தெரியும் சார். என் வேலையும் போகும், அதுவும் தெரியும். எழுதுங்க மேடம்."

"நீங்க சொன்னதுல..." என்று ஏதோ ஆரம்பித்த மிஸ் டான்குவா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பினார். "சரி. என்ன சம்பந்தம்? கணவன் மனைவி, ஒரே வீட்டில் குடியிருப்பவர், ரத்த உறவு. இதுல ஒண்ணைச் சொல்லணும்."

"முதல்ல சொன்னது. அவ சரின்னா."

எல்லோரும் நோரினைப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையை எடுத்தாள். "கடை திறக்கற நேரமாச்சு. கேக்கணும்னா அங்க வந்து கேளு. எந்த வாசல்னு நான் சொல்ல வேண்டாமே?"

போய்விட்டாள்.

நெவில் கிளம்பினார். குடை எடுக்கத் தோன்றவில்லை. மைதானத்தைத் தாண்டி, சந்தைத் தெரு முனைக்கு வந்தபோது கால் பழக்கத்தில் சந்துப் பக்கமே திரும்பியது. அதை இழுத்து நேராக விட்டார். வெள்ளிக்கிழமை, மீன் கடை வரிசை ரொட்டிக் கடையைத் தாண்டி, தபாலாபீஸ் வரைக்கும் நின்றது. நெவில் நேரே கதவுப் பக்கம் போனார்.

"ஐயா, வரிசை இங்க இருக்கு" என்றாள் குழந்தை வண்டியோடு நின்ற ஒரு பெண்.

"நான் மீன் வாங்க வரலம்மா. ஒரு விஷயம் கேக்கணும், அவ்வளவுதான்."

"எல்லாரும் ஒரு விஷயம் கேக்கத்தான் நிக்கறோம்."

ஹெப்லியில் கொலை செய்தவனைக்கூட மன்னித்துவிடுவார்கள், வரிசையில் நுழைந்தவனை மன்னிக்க மாட்டார்கள். நெவில் போய்த் தபாலாபீஸ் முன்னால் நின்றார். பின்னாலேயே வந்த மிஸ் டான்குவா, சேர்மன், வில்ஃப் மூவரும் அவருக்குப் பின்னால் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். மழை எல்லோர் மேலும் ஒரே மாதிரி பெய்தது. சேர்மன் மட்டும் ஒவ்வொரு அடிக்கும் "ஆறு புள்ளி, ஆறு புள்ளி" என்று முனகிக்கொண்டே வந்தார். முன்னால் நின்றவர்கள் திரும்பித் திரும்பி நெவிலைப் பார்த்தார்கள். அவர் முன்வாசல் பக்கம் நிற்பதே ஊருக்குப் புதுச் செய்தி.

கடைசியில் கவுன்ட்டர் வந்தது.

"என்ன வேணும்?" என்றாள் நோரின், கரண்டியோடு.

நெவிலின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் பாதி ஊர். "என்னைக் கட்டிக்கறியா நோரின்?" என்றார். எத்தனையோ வருஷத்துக் கேள்வி. கேட்டு முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

நோரின் அவரை நிற்க வைத்துப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு ஒரு தட்டை எடுத்து, மீனும் சிப்ஸும் வைத்து, அதன் மேல் மசித்த பட்டாணியை மூன்று கரண்டி ஊற்றி, "உள்ள வந்து உக்காந்து தின்னு. முன்னால, ஜன்னலோரமா" என்றாள்.

வரிசையில் கைதட்டல். "சரின்னு சொல்லிட்டாங்களா, இல்லையா?" என்று வெளியே நின்றவர்கள் கேட்டார்கள். "பட்டாணி போட்டுட்டாங்க!" என்று உள்ளே இருந்தவர்கள் பதில் சொன்னார்கள்.

நால்வரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். சேர்மன் தட்டைத் தொடவில்லை. "ஆக, கீழ் டிவிஷன்" என்றார்.

"எதுக்கு?" என்றார் மிஸ் டான்குவா, வாய் நிறைய மீனோடு. "முதல் நாள்லேருந்து இதைத்தான் சொல்ல வர்றேன், யார் விட்டீங்க? விசாரணை முடியறதுக்குள்ள தானா அறிவிச்சுட்டா புள்ளி வெட்டு கிடையாது. ஒரு கண்டிப்பு, அவ்வளவுதான். மறைச்சுப் பிடிபட்டாத்தான் வெட்டு."

"அப்ப அந்த விளம்பரப் பணம்?"

"சந்தை விலையைவிட அதிகமாக் குடுத்தாத்தான் குத்தம். இவங்க குடுக்கறதைப் பாத்தேன். உங்க சட்டைக்கு இதுக்குக் கீழ எவனும் குடுக்க மாட்டான்."

சேர்மனுக்குச் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. பாதி மீனை ஒரே வாயில் போட்டுக்கொண்டார். நெவில் பட்டாணியில் கரண்டியை வைத்துக்கொண்டு சிரித்தார். நோரின் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். ஈரக் கோட்டை வாங்கி அடுப்புப் பக்கம் காயப்போட்டாள்.

"ஆனாலும் அந்தக் கோர்ஸ்லிக்காரனை நான் விடப்போறதில்ல" என்றார் சேர்மன்.

"பேரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல" என்றார் மிஸ் டான்குவா. "ஆனா கோர்ஸ்லி மாதிரி எனக்குத் தெரியல. தானா ஒத்துக்கிட்டா கிளப்புக்கு ஒரு புள்ளிகூடப் போகாதேன்னு திரும்பத் திரும்பக் கேட்டு, உறுதி பண்ணிக்கிட்ட பிறகுதான் அவங்க புகாரையே குடுத்தாங்க. எங்க புகார்ப் பிரிவுக்குப் போன் போட்டா யாரும் லேசுல எடுக்க மாட்டாங்க. மாசக்கணக்கா, சளைக்காம, காத்திருந்து காத்திருந்து பேசியிருக்காங்க. அந்தப் பொறுமைக்கே பரிசு குடுக்கலாம்."

"எதிரிக்கு எதுக்குய்யா நம்ம புள்ளி மேல இவ்வளவு அக்கறை?" என்று சேர்மன் தலையைச் சொறிந்தார்.

"வழக்கை முடிச்சுட்டோம்னு எங்க புகார்ப் பிரிவுகிட்ட இப்பவே சொல்லிடறேன், கையோட முடிஞ்சுடும்" என்று மிஸ் டான்குவா போனை எடுத்து, எண்ணெய்க் கையோடு காதில் வைக்க முடியாமல் ஒலிபெருக்கியில் போட்டு மேஜை மேல் வைத்தார். காத்திருக்கவும் என்றது ஒரு குரல். பின்னாலேயே ஒரு மெட்டு ஆரம்பித்தது. "மன்னிச்சுக்குங்க. இந்த இழவு மெட்டை வேற எந்தப் போன்லயும் கேட்டிருக்க மாட்டீங்க. எங்க தலைவரோட மருமகன் எங்களுக்குன்னே போட்டுக் குடுத்தது. அதுக்கு என்ன விலைன்னு மட்டும் கேக்காதீங்க."

மெட்டு போய்க்கொண்டே இருந்தது. நடுவில் பட்டென்று அறுந்தது. மறுபடி முதலிலிருந்து வந்தது. நெவிலின் கரண்டி பட்டாணியில் அப்படியே நின்றது. நோரினுக்குத் திடீரென்று வினிகர் பாட்டில்களையெல்லாம் வரிசையாக அடுக்கி வைக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

வில்ஃப் மட்டும்தான் வாயில் சிப்ஸோடு தலையைத் தூக்கினான். "அட, இது நம்ம நோரின் அக்கா கிறிஸ்துமஸ்லேருந்து மாவு கலக்கும்போது பாடற பாட்டாச்சே!"